தண்ணி தெளிக்க இருபத்தெட்டாயிரமா?

மக்களே, இது திட்டற பதிவு. முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் "என்னப்பா இவ்ளோ சூடா இருக்கே"ன்னு யாரும் வரப்படாது. விஷயமே சூட்டைப் பத்தினதுதான் :-)

போன மாசம் கோவையில ஒரு கடைக்குப் போயிருந்தேன். காருக்கு சக்தி கூட்டற சாமான் விக்கிற இடம். கடை பேரு வேண்டாம், ஏன்னா இது ஒரு கடையோட கதை இல்ல. கண்ணாடி அலமாரிக்குள்ள, கல்யாண நகை மாதிரி வெல்வெட் துணி விரிச்சு ஒரு பொட்டி வெச்சிருந்தாங்க. இன்டர்கூலர் வாட்டர் ஸ்ப்ரே கிட். உள்ள ஒரு சின்ன பம்பு, நாலு நாசில், ஒரு டேங்க், கொஞ்சம் கறுப்பு டியூப், ஒரு செவப்பு பட்டன். விலை 28,000 ரூபா. மாட்டற கூலி தனி.

"இது என்ன வகை பம்புங்க?"

"ரேஸிங் பம்பு சார்."

"டயாஃப்ரம் பம்பா?"

"இம்போர்ட்டட் சார்."

அதுக்கு மேல என்னத்தக் கேக்க. ஆனா அந்த மூஞ்சிய எங்கயோ பாத்த ஞாபகம். வீட்டுக்கு வந்து யோசிச்சா பிடிபட்டுடுச்சு. நம்ம பக்கம் தக்காளிக்கும் கத்திரிக்கும் மருந்தடிக்கிறவங்க முதுகுல மாட்டிட்டுப் போவாங்களே பேட்டரி ஸ்பிரேயர், அதோட அடிவயித்துல உக்காந்திருக்கிற 12 வோல்ட் பம்பு. அதே வகை, அதே அளவு, அதே ரெண்டு வாய். ஒரே வித்தியாசம், அதுக்கு ஸ்டிக்கர் ஒட்டல. ஸ்பிரேயர் ரிப்பேர் கடையில 650 ரூபாய்க்குத் தனியா குடுக்கறாங்க.

டர்போ, இன்டர்கூலர்னதும் நமக்கு சம்பந்தமில்லாத மேட்டர்னு எஸ்கேப் ஆகப் பாக்குறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. உங்க வீட்டு டீசல் காருக்குள்ளயும், தெருவுல காய் ஏத்திட்டு வர்ற பிக்கப் வண்டிக்குள்ளயும் டர்போ இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. எஞ்சின்ல இருந்து வெளிய போற புகை ஒரு சக்கரத்தைச் சுத்தும். அதே தண்டுல இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள திணிக்கும். அவ்ளோதான் டர்போ. காத்தை அமுக்கினா சூடாகும். சைக்கிளுக்குக் காத்தடிச்சவங்க பம்போட அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாத்திருப்பீங்க, அதே கதை.

எவ்வளவு சூடு? வெளிய 35 டிகிரி காத்து. அதை வெளி அழுத்தத்தைப் போல ரெண்டு மடங்குக்கு அமுக்கறோம். டர்போவோட திறன் 70 சதவீதம்னு வெச்சு கணக்குப் போட்டா, வெளிய வர்ற காத்து 130 டிகிரி. சூடான காத்து லேசான காத்து. ஒரே இடத்துல கம்மியான ஆக்சிஜன்தான் இருக்கும். அதனாலதான் நடுவுல இன்டர்கூலர்னு ஒண்ணு. பாக்க ரேடியேட்டர் மாதிரியே இருக்கும், ஆனா உள்ள ஓடறது காத்து. வெளிய இருந்து அடிக்கிற காத்து உள்ள போற காத்தைக் குளுத்தும். ஓரளவு நல்ல இன்டர்கூலர்னா 130ஐ 65 டிகிரி பக்கத்துக்குக் கொண்டு வந்துடும்.

ஆனா அதுக்கு எதிர்க்காத்து வேணும். நாலு வழிச் சாலையில 90ல போறப்ப பிரச்சினையே இல்ல. கொல்லிமலை ஏறிப் பாருங்க. காரவள்ளி அடிவாரத்துல இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ரெண்டாவது கியர், வேகம் 20, 25. ஆனா எஞ்சின் முழு மூச்சுல கத்திட்டிருக்கும், டர்போ முழுசா அமுக்கிட்டிருக்கும், எதிர்க்காத்து மட்டும் பேருக்குத்தான் இருக்கும். இன்டர்கூலர் கொஞ்சம் கொஞ்சமா சூடேறி, முப்பதாவது வளைவுக்கு மேல அதுவே ஒரு அடுப்பு. வண்டி "என்னால முடியலடா சாமி"ன்னு முனகும். நம்ம ஆளுங்க உடனே டீசல் சரியில்லைன்னு பங்குக்காரரைத் திட்டுவாங்க. பாவம் அவரு.

இந்த இடத்துலதான் தண்ணி. இன்டர்கூலரோட வெளிப்பக்கத்துல, அந்த அலுமினிய இறக்கைகள் மேல, மூடுபனி மாதிரி தண்ணி தெளிக்கிறது. ஜுரம் வந்தவன் நெத்தியில ஈரத்துணி போடற வைத்தியம். இது ஒண்ணும் ரகசியமில்ல. ஜப்பான்காரன் தொழிற்சாலையிலயே மாட்டி அனுப்பியிருக்கான். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் பல தலைமுறைக்கு இதோடதான் வந்துச்சு. 2004ல அமெரிக்காவுக்குப் போன சுபாரு இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ் எஸ்.டி.ஐ காருக்கு டிக்கியில இதுக்குன்னே ஒரு தண்ணி டேங்க், டிரைவர் கைக்கெட்டற இடத்துல ஒரு பட்டன். ராலிக்குப் பேர்போன வண்டிங்க ரெண்டும். அவங்க பண்ணினா தொழில்நுட்பம். அதையே நாமக்கல்ல ஒருத்தன் ஸ்பிரேயர் பம்பை வெச்சு பண்ணினா? "ஒட்டுவேலை."

இந்த வார்த்தைதான் எனக்குக் கடுப்பு. வெள்ளைக்காரன் கராஜுல உக்காந்து தோட்டத்து நாசிலையும் பிளாஸ்டிக் கேனையும் சேத்துக் கட்டினா டி.ஐ.ஒய்., அதுக்கு வீடியோ, அதுக்கு லைக்கு. நம்மாளு பண்ணினா "யோவ், எஞ்சின்ல விளையாடாதய்யா, கம்பெனி சாமான் வாங்கி மாட்டு". சொல்றவரு யாருன்னு பாத்தா, மூணு மாசம் முன்னாடி முப்பதாயிரம் குடுத்து எஞ்சின் கம்ப்யூட்டரை ஏமாத்தற ஒரு டப்பாவை மாட்டினவரா இருப்பாரு. அதிக டீசல், அதிக அழுத்தம், அதிக சூடு. அந்தச் சூட்டை எங்க கொண்டு போய்க் கொட்டறதுன்னு டப்பா வித்தவனும் சொல்லல, இவரும் கேக்கல.

இன்னொரு கூட்டம் இருக்கு. அவங்க விக்க வரல, சிரிக்க வந்தவங்க. "தண்ணி தெளிச்சா என்னய்யா ஆகும், கோலம் வேணா போடலாம்." இவங்களுக்குக் கொஞ்சம் பள்ளிக்கூடப் பாடம். உள்ளுறை வெப்பம்னு ஒண்ணு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? ஒரு லிட்டர் தண்ணியை 30 டிகிரியில இருந்து 60 டிகிரிக்கு சூடாக்க 125 கிலோஜூல் போதும். அதே ஒரு லிட்டரை ஆவியாக்க ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வேணும். கிட்டத்தட்ட இருபது மடங்கு. மண்பானைத் தண்ணி குளுகுளுன்னு இருக்கிறதுக்கும், வெட்டிவேர்த் தட்டியில தண்ணி தெளிச்சா அறை குளுந்து போறதுக்கும் இதுதான் காரணம். பானை பேப்பர்ல எழுதிக் காட்டல, அவ்ளோதான்.

இதுல இருந்து ரெண்டு விஷயம் புரியணும். ஒண்ணு, இன்டர்கூலர்ல பட்டு வழிஞ்சு ரோட்டுல சொட்டற தண்ணி தண்டம். இருபதுல ஒரு பங்கு வேலைகூட அது பாக்காது. ரெண்டு, ஆவியாகற தண்ணி கொஞ்சமா இருந்தாலே போதும். ரெண்டு லிட்டர் டீசல் எஞ்சின், 3,000 சுத்து, ரெண்டு மடங்கு அழுத்தம்னு வைங்க. நொடிக்கு ஏறக்குறைய 95 கிராம் காத்து உள்ள போகும். அதை 15 டிகிரி குளுத்த, முழுசா ஆவியாகற பட்சத்துல, நிமிஷத்துக்கு 36 மில்லி தண்ணி. காபிக் கடை டம்ளர்ல பாதி கூட இல்ல. நிஜத்துல பாதிக்கு மேல காத்தோட போயிடும், கொஞ்சம் வழியும். அதனால நாலஞ்சு மடங்கு வெச்சுக்கலாம். அப்பவும் 200 மில்லிக்குள்ள.

சரி, அந்த 36 மில்லியை இறக்கை மேல உக்கார வைக்கிறது எப்படி? இங்கதான் கிட்டு விக்கிற கடை ஒரு வார்த்தை பேசல. எனக்குச் சொல்லிக்குடுத்தவர் ராசிபுரம் பக்கம் ஸ்பிரேயர் ரிப்பேர் பாக்கற ஒரு அண்ணன். கார் ஓட்டத் தெரியாதவர். பம்பு வாங்கப் போனவன் எதுக்குன்னு சொன்னதும் சிரிக்கல. கையில ஒரு பிடி நாசிலை எடுத்துப் போட்டு, "தம்பி, மருந்து இலையில உக்காரோணும். பெருந்துளியா விழுந்தா ஓடிரும், காசு மண்ணுக்குப் போச்சு. ரொம்பப் பொடியா அடிச்சா காத்துல போயிரும், பக்கத்துக் காட்டுக்காரன் சண்டைக்கு வருவான். உங்க தகடு எத்தனை நெருக்கம்? எதிர்க்காத்து எவ்வளவு?"ன்னு கேட்டார்.

அந்த ரெண்டு கேள்வியை 28,000 ரூபாய் கடையில ஒருத்தரும் என்னைக் கேக்கல மக்களே. நாசில்லருந்து வர்ற துளியோட அளவு, அது பரவற கோணம், தகடுக்கும் நாசிலுக்கும் இருக்கிற தூரம்: மொத்த வித்தையும் இந்த மூணுலதான் இருக்கு. அந்த மனுஷன் அதை இலை மேல பாத்துப் பாத்து தெரிஞ்சு வெச்சிருக்கார். அவருக்கு இன்டர்கூலர்னா என்னன்னு நான் சொல்ல ரெண்டு நிமிஷம் ஆச்சு. எனக்கு நாசில்னா என்னன்னு அவர் சொல்ல ஒரு மத்தியானம் ஆச்சு. இவரை "ஒட்டுவேலைக்காரன்"னு சொல்றதும், வெல்வெட் துணி விரிச்சவரை "எக்ஸ்பர்ட்"னு சொல்றதும் எந்த ஊரு நியாயம்?

அண்ணன் கடைசியில மருந்தடிக்கிற நாசிலே வேண்டாம்னுட்டார். அது நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல கொட்டும், நம்ம வேலைக்கு ரொம்ப அதிகம். சொட்டுநீர்ப் பாசனக் கடையில பசுமைக்குடிலுக்கு விக்கிற ஃபாகர் வாங்கச் சொன்னார். நாலு வாய் ஃபாகரைக் கழட்டி ரெண்டு வாயை மட்டும் வெச்சுக்கணும். ஒரு வாய்க்கு மணிக்கு 7 லிட்டர். ரெண்டு வாய்க்கு நிமிஷத்துக்கு 230 மில்லி சொச்சம். மேல போட்ட கணக்கோட பொருந்துதா? கூடவே சொட்டாம பிடிக்கிற வால்வு ஒண்ணு வரும், அதையும் கேட்டு வாங்குங்க. இல்லேன்னா பட்டனை விட்ட பிறகும் டியூப்ல இருக்கிற தண்ணி சொட்டிட்டே இருக்கும்.

மத்ததெல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை. அஞ்சு லிட்டர் கேன், அடியில ஒரு ஃபில்டர், அப்புறம் பம்பு, அப்புறம் நாசில். பம்புக்கு பேட்டரியில இருந்து ஃபியூஸ் போட்டுத் தனி வயர், நடுவுல ஒரு நாலு முனை ரிலே, ரிலேயை இழுக்க ஸ்டியரிங் பக்கத்துல ஒரு அமுக்கு பட்டன். ஹாரன் பட்டன் மாதிரி அமுக்கினா வரணும், விட்டா நிக்கணும். ஆன் பண்ணிட்டு மறந்து போற சுவிட்ச் வேண்டாம். ரிலேக்கு சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற லைன்ல இருந்து எடுங்க. இந்தப் பம்பு நிமிஷத்துக்கு மூணு லிட்டருக்கு மேல தள்ளும், நம்ம ஃபாகர் கால் லிட்டர்தான் விடும். அதனால உள்ள இருக்கிற பிரஷர் சுவிட்ச் டக்கு டக்குன்னு விட்டு விட்டு அடிக்கும். சத்தம் பிடிக்கலைன்னா ஒரு டி-ஜாயின்ட் போட்டு மிச்சத் தண்ணியை மெல்லிசா டேங்குக்கே திருப்பி விட்டுடுங்க. எல்லாம் சேத்து எனக்கு ரெண்டாயிரத்தைத் தொடல.

"எதுக்கு இதெல்லாம், கண்ணாடி கழுவற வைப்பர் மோட்டார்லயே ஒரு டியூப் இழுத்துட்டா போச்சே"ன்னு ஒரு குறுக்கு வழி சுத்திட்டிருக்கு. இருக்கறதுலயே மலிவு. ஆனா அந்த மோட்டார் தர்ற அழுத்தம் கம்மி. ஃபாகருக்கு மூணு, நாலு பார் வேணும், இது அதுல பாதி கூடத் தராது. மூடுபனிக்குப் பதிலா குழந்தை மூச்சா போற மாதிரி ஒரு ஓடைதான் வரும். தண்ணி வழிஞ்சு ரோட்டுக்குப் போகும். அப்புறம், அது ரெண்டு மூணு நொடி அடிச்சு நிறுத்தறதுக்குன்னு செஞ்ச மோட்டார். மலை ஏற ஏற அமுக்கிட்டே இருந்தா கருகிப் போகும். நண்பர் ஒருத்தர் ஏற்காடு ஏறி இறங்கறதுக்குள்ள ஒண்ணை எரிச்சார். திரும்பி வர்றப்ப மழை வேற, கண்ணாடி கழுவத் தண்ணி வரல. மலிவா செய்யலாம். மட்டமா செய்யக் கூடாது. கிட்டு விக்கிறவன் நம்மளைப் பாத்து சிரிக்கிறதுக்கு நாமளே காரணம் குடுக்கலாமா?

எங்க மாட்டறது? என் வண்டியில இன்டர்கூலர் முன் பம்பருக்குள்ள இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு சாண் தள்ளி, இறக்கையைப் பாத்த மாதிரி ரெண்டு ஃபாகர். பின்னாடி ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் இருக்கிறதால மிச்சம் போற பனி அங்க போய் படியும், அதுவும் லாபம்தான். ஆனா இன்டர்கூலர் எஞ்சின் தலைக்கு மேல படுத்திருக்கிற வண்டிங்க இருக்கு, பானட்டுல மூக்கு வெச்ச மாதிரி ஒரு காத்துத் துவாரத்தோட. அவங்க இந்த ஒரு விஷயத்துல என்னை நம்பி இறங்காதீங்க. வழியற தண்ணி சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேலயோ, வயர் சாக்கெட் மேலயோ விழும். கொதிக்கிற வார்ப்பிரும்பு மேல பச்சைத் தண்ணி விழுந்தா என்ன ஆகும்னு கொல்லன் பட்டறையில கேளுங்க. சுபாருவும் மேல படுத்த வகைதான், ஆனா அவங்க எங்க எவ்வளவு விழணும்னு அளந்து வெச்சாங்க. அளக்க முடியாதவங்க விட்டுடுங்க.

இப்ப சென்னை மக்கள் ஒரு கேள்வியோட வருவாங்க, தெரியும். "எங்க ஊரு புழுக்கத்துல துணியே காயாது, தண்ணி எங்க ஆவியாகறது?" நியாயமாத்தான் தெரியுது. மண்பானை சென்னையில சுமாராத்தான் குளுரும், சேலத்துல நல்லா குளுரும். ஏன்னா 38 டிகிரி, 30 சதவீத ஈரப்பதம் இருக்கிற இடத்துல ஈரக்குமிழ் வெப்பநிலை 24 டிகிரி பக்கம். 35 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம்னா 28. ஆனா மக்களே, இன்டர்கூலர் மண்பானை இல்ல. பானை வெளிக்காத்தோட சூட்டுலதான் இருக்கு. இன்டர்கூலர் அதைவிட 30, 40 டிகிரி அதிகமா கொதிச்சிட்டிருக்கு. அடைமழைக் காலத்துல கொடியில துணி காயாது, சரி. அதே அடைமழையில தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சா சுர்ருங்கறது நிக்குதா? சென்னையில பலன் கொஞ்சம் கம்மி. இல்லவே இல்லைங்கறது சும்மா பேச்சு.

இன்னொரு சென்னைக் கேள்வி இதைவிடக் கனமானது. "2019 கோடையில ஏரியெல்லாம் வத்தி லாரித் தண்ணிக்கு ராத்திரி முழுக்க முழிச்சிருந்தோம், நீ காருக்குத் தண்ணி தெளிக்கிறியா?" இதை நான் சிரிச்சு ஒதுக்க மாட்டேன். பதிலு என்னன்னா, குழாய்த் தண்ணியை இதுக்கு ஊத்தவே கூடாது. ஊத்தினா உங்களுக்கே நஷ்டம். போர் தண்ணியில இருக்கிற சுண்ணாம்பும் உப்பும் ஆவியாகாது. வெந்நீர்ப் பாத்திரத்தோட அடியில வெள்ளையா படியுதே, அதே மாதிரி இறக்கை நடுவுல படிஞ்சு, ஒரு வருஷத்துல காத்துப் போற வழியை அடைச்சிடும். குளுத்த மாட்டினது கம்பளி போத்தின மாதிரி ஆயிடும். ஆர்.ஓ மெஷின்லருந்து வெளிய தள்ற கழிவுத் தண்ணியை "மிச்சம் பிடிக்கிறேன்"னு ஊத்தறது அதைவிட மோசம், உப்பெல்லாம் அதுலதான் இருக்கு.

ஏசி தண்ணி இருக்கே! காத்துல இருந்த ஈரம் குளுந்து சொட்டினது. உப்பு கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. புழுக்கமான ராத்திரியில வீட்டு ஏசி ஒரு பக்கெட் கக்கும், பாதிப் பேரு அதை சாக்கடைக்கு விடறாங்க. வெள்ளைத் துணியில வடிகட்டி கேன்ல ஊத்தினா வேலை முடிஞ்சுது. புழுக்கமான ஊர்ல தெளிப்புக்குப் பலன் கொஞ்சம் கம்மி, ஆனா தெளிக்கிற தண்ணியை அந்தப் புழுக்கமே குடுத்துடுது. கேனை மூடி வைங்க. தண்ணி தேங்கி கொசு வந்தா மாநகராட்சிக்காரங்க உங்க டிக்கியைத் திறந்து அபராதம் போடுவாங்க :))

பலன் எவ்வளவுன்னு கேக்காம விட மாட்டீங்க. இதுல நான் ரீல் விடப் போறதில்ல. இன்டர்கூலர்லருந்து எஞ்சினுக்குப் போற அலுமினியக் குழாய் மேல ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரோட ப்ரோபை ஒட்டி, மேல ஸ்பாஞ்சு வெச்சு கட்டினேன். ஓ.பி.டி டப்பாவை சொருகி போன்ல பாத்தா போதாதான்னு கேப்பீங்க. போதாது. நிறைய வண்டியில அந்த சென்சார் டர்போவுக்கு முன்னாடியே ஏர் ஃபில்டர் பக்கத்துல இருக்கும், நீங்க தண்ணி தெளிக்கிறது அதுக்குத் தெரியவே தெரியாது. கொல்லிமலையில பாதி ஏறினப்ப 71 டிகிரி. பத்து நொடி தெளிப்பு, இருபது நொடி ஓய்வுன்னு நாலஞ்சு வளைவு ஏறினதும் 58க்கு வந்து அங்கயே நின்னுச்சு. பட்டனை விட்டதும் ரெண்டு வளைவுக்குள்ள பழையபடி மேல. குழாய் மேல ஒட்டின ப்ரோப் உள்ள இருக்கிற காத்தோட சூட்டை அப்படியே காட்டாதுதான். ஆனா ஏறினதா இறங்கினதான்னு காட்டும்.

71ல இருந்து 58ன்னா காத்தோட அடர்த்தி 4 சதவீதம் கூடுது. அவ்ளோதான். 100 குதிரை 104 ஆகும், அதுவும் சூடேறிப் போன வண்டியில. சமதளத்துல, காலைக் குளிருல, ஒண்ணுமே தெரியாது. "20 குதிரை கூடும்"னு அந்தக் கிட்டோட பொட்டியில அச்சடிச்சிருந்ததே, அதுதான் என் கோவத்துக்கு நிஜமான காரணம். இது பவர் ஏத்தற சாமானே இல்ல. சூட்டுல தொலைஞ்சு போற பவரைத் திருப்பித் தர்ற சாமான். டீசல்ல கறும்புகை கொஞ்சம் குறையும், எக்ஸாஸ்ட் சூடு கொஞ்சம் தணியும். பெட்ரோல் டர்போவுல பலன் இன்னும் அதிகம், ஏன்னா உள்ள போற காத்து சூடானா நாக்கிங் வரும், அது வராம இருக்க கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னாடி இழுத்து பவரைக் குறைச்சிடும். எவல்யூஷனும் சுபாருவும் பெட்ரோல் வண்டிங்கறதை மறந்துடாதீங்க.

இதையும் எஞ்சினுக்குள்ளயே தண்ணி அடிக்கிறதையும் போட்டுக் குழப்பறவங்க நிறைய. அது வேற சமாச்சாரம். 1962ல ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்னு ஒரு அமெரிக்க டர்போ காருல தண்ணியும் மெத்தனாலும் கலந்து உள்ள விட்டாங்க. நம்ம காலத்துல பி.எம்.டபிள்யூ எம்4 ஜி.டி.எஸ் காருல வெறும் தண்ணியை உள்ள விட்டாங்க. அது உள்ளுக்குக் குடுக்கிற மருந்து. அளவு தப்பினா ஆளே காலி, அதை வீட்டுல செஞ்சு பாக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன். இது வெளிய போடற ஈரத்துணி. பம்பு நின்னு போனா, வண்டி பழையபடி சூடா ஓடும், அவ்ளோதான். "தண்ணியோட கொஞ்சம் ஸ்பிரிட் கலந்தா இன்னும் குளுருமாமே"ன்னு கேட்டு யாராவது வந்தா, கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிடுங்க. சூடான டர்போ பக்கத்துல எரியற சாமானைத் தெளிக்கிறவனுக்கு இன்டர்கூலர் வேண்டாம், இன்சூரன்ஸ்தான் வேணும்.

கடைக்காரருக்கு ஒரு விஷயத்துல நியாயம் குடுத்துடறேன். அவர் கிட்டுல சூட்டை அளந்து தானா தெளிக்கிற ஒரு கன்ட்ரோலர் இருந்துச்சு. அது நல்ல சாமான்தான். ரெண்டாயிரம், மூவாயிரம்கூட குடுக்கலாம். ஆனா 70 வளைவுல எந்த வளைவுல அமுக்கணும்னு என் கட்டை விரலுக்கே தெரியுது. மிச்ச இருபத்தஞ்சாயிரம் எதுக்குன்னு அவரும் சொல்லல. மலையில இருந்து மிளகும் பலாவும் ஏத்தி இறக்கற பிக்கப் ஓட்டற தம்பிங்க தினம் ரெண்டு தடவை அந்த வளைவெல்லாம் ஏறறாங்க. இந்தச் சாமானோட தேவை அவங்களுக்குத்தான், சனிக்கிழமை சாயங்காலம் ரேஸ்கோர்ஸை சுத்தற வண்டிக்கு இல்ல. 28,000னு விலை போட்டா அது அவங்க கைக்கு எப்ப வரும்? அதுல ஒரு தம்பி என் வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்துட்டு, "அண்ணா, இது நம்ம மருந்து டேங்க் பம்புதான?"ன்னார். அடுத்த வாரம் அவர் வண்டியில மாட்டியாச்சு. ஃபாகரைக் கட்ட என்னைவிட நல்ல வழி கண்டுபிடிச்சார், பழைய சைக்கிள் மட்கார்டு கம்பியை வளைச்சு.

வாரன்டி இருக்கிற புது வண்டியில கை வைக்காதீங்க. வயரை வெட்டினதைப் பாத்தா சர்வீஸ் சென்டர்ல எல்லாத்துக்கும் அதையே காரணமா சொல்லுவாங்க. பழைய வண்டிக்கு இந்தப் பயம் கிடையாது.

டிஸ்கி: கேனும் டியூபும் புதுசா வாங்குங்க. வீட்டுல சும்மா கிடக்குன்னு மருந்தடிச்ச பழைய ஸ்பிரேயர் டேங்கை எடுத்து மாட்டாதீங்க. எத்தனை தடவை கழுவினாலும் அதுல மருந்து ஒட்டிட்டிருக்கும், அந்தப் பனி ஏசி காத்தோட உள்ள இருக்கிறவங்க மூக்குக்குத்தான் வரும். பம்பையும் அப்படித்தான், பழசு வேண்டாம். ராசிபுரம் அண்ணன் இதை மூணு தடவை சொல்லி அனுப்பினார்.